தப்பாப் போனா

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார், எனக்கு இந்த ஓரமே போதும். சாரல் அடிக்குதுன்னு கண்ணாடியை முழுசா இழுத்துடாதீங்க, கொஞ்சம் காத்து வரட்டும். புதுக்கோட்டையா? நானும் புதுக்கோட்டைதான். அங்க எறங்கி திருச்சி வண்டி பிடிக்கணும்.

அறந்தாங்கியில சொந்தக்காரங்க யாரும் இல்ல சார். ஒரு வீட்டுல ஒரு கம்ப்யூட்டரை நிறுத்தறதுக்காக வந்தேன். ஆமா, நிறுத்தறதுக்குத்தான். வாங்கறதுக்கு இல்ல, ரிப்பேருக்கு இல்ல. ரெண்டு பஸ் மாறி வந்து, சுவிட்ச்சை அணைச்சு, வயரைப் பிடுங்கி, சுருட்டி மேஜை மேல வச்சுட்டு, அந்த அம்மா குடுத்த காப்பியையும் குடிச்சுட்டுக் கிளம்பிட்டேன். நல்லபடியா முடிஞ்சுது. மனசு லேசா இருக்கு. இருக்கணும்ல?

என் பேரு சபாபதி. திருச்சியில ஒரு பாலிடெக்னிக்ல வாத்தியாரா இருக்கேன். அதுபோக ஒரு குழுவுக்குச் செயலாளர். சங்கம், கட்சின்னு எதுவும் இல்ல, பயப்படாதீங்க. 'தொட்டி'ன்னு ஒரு சாஃப்ட்வேர். ஊருக்கு ஊரு மேல்நிலைத் தொட்டி நிக்குதுல்ல, அதுக்குத் தண்ணி ஏத்தற மோட்டாரைப் போன்லேருந்தே போடலாம், நிறுத்தலாம். ஓப்பன் சோர்ஸ். யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், திருத்தலாம், ஒரு பைசா தர வேண்டாம். ஏழு பேரு சேந்து எழுதினோம். ஏழு பேரும் ஏழு ஊரு. நேர்ல பாத்துக்கிட்டது ரெண்டு தடவையோ மூணு தடவையோ. பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் மெயில்லதான். மடல்னு சொல்லுவோம் நாங்க.

சாஃப்ட்வேர்ல ஒரு தகராறும் இல்ல சார். கையேட்டுலதான் வந்துச்சு வினை. எந்த பட்டனை அழுத்தினா என்ன ஆகும்னு எழுதி வைப்போம்ல, அதைத்தான் சொல்றேன். ஒருத்தர் வேர்டுல எழுதுவாரு. ஒருத்தர் நோட்பேடுல. ஒருத்தர் காகிதத்துல எழுதி போட்டோ பிடிச்சுப் போடுவாரு. சேலத்துக்காரர் எழுதவே மாட்டாரு, வாட்ஸ்அப்ல பேசி அனுப்பிடுவாரு. அப்ப நெல்லூர்லேருந்து ஒரு குழு வந்து, எங்க ஊருக்கும் வேணும், கையேட்டைத் தெலுங்குல மாத்திக்கறோம், அனுப்புங்கன்னு கேட்டாங்க. எதை அனுப்பறது? அவரு குரலையா? மானம் போச்சு எனக்கு. அன்னிக்கு முடிவு பண்ணேன், எல்லாப் பக்கமும் ஒரே ஃபார்மட்ல இருக்கணும், ஒரே தரம், ஒரே வரிசைன்னு. இதுல என்ன தப்பு, நீங்களே சொல்லுங்க. எந்த நாட்டுல கேட்டாலும் நான் சொன்னதுதான் சரின்னு சொல்லுவான்.

நாலு தலைப்பு வச்சேன். எதற்கு, என்ன வேண்டும், எப்படி, மேலும் காண்க. அவ்வளவுதான். சுத்தமா இருக்கும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எது எங்க இருக்கும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம். அஞ்சு பேரு சரின்னாங்க. ஒருத்தங்க மட்டும் முடியாதுன்னாங்க.

மங்கையர்க்கரசின்னு பேரு. மங்கைன்னு கூப்பிடுவோம். அறந்தாங்கியில ஒரு பள்ளிக்கூடத்துல லேப் அசிஸ்டெண்ட். கல்யாணம் பண்ணிக்கல, அம்மாவோடயும் தம்பியோடயும் இருந்தாங்க. கையேட்டுல மொத்தம் அறுபத்தோரு பக்கம், அதுல நாப்பது அவங்க எழுதினது. நான் இல்லன்னு சொல்லல. ஞாயித்துக்கிழமையானா ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு ஊர் ஊராப் போயிடுவாங்க. மோட்டார் போடறவங்ககிட்ட உக்காந்து கேப்பாங்க. என்ன பயமா இருக்கு, எது புரியல, போன வாரம் என்ன ஆச்சுன்னு. ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல 'கேட்டவர்: இன்னாரு'ன்னு பேரு போடுவாங்க. கீழ கடைசியா ஒரு தலைப்பு இருக்கும். 'தப்பாப் போனா.'

அந்தத் தலைப்பே எனக்குப் பிடிக்கல சார். கையேட்டுல எழுதற தமிழா அது? பதினாலாம் பக்கம் எனக்கு மனப்பாடம். 'தப்பாப் போனா: போன்ல நிறுத்தினதும் மோட்டார் நிக்கலைன்னா, ஓடிப் போய் மெயின் சுவிட்ச்சை அணைங்க. போனையே பாத்துக்கிட்டு நிக்காதீங்க.' இப்படியா எழுதுவாங்க? பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட வேலிக்கு மேல எட்டிச் சொல்ற மாதிரி. நான் சொன்னேன், மங்கை, கோளாறு எல்லாத்தையும் தொகுத்துக் கடைசியில ஒரே பக்கமாப் போட்டுடலாம், அறுபத்தோராம் பக்கம், தேடறவங்க அங்க போயித் தேடிக்கட்டும்னு.

"சார், தப்பாப் போற நேரத்துல யாரு சார் தேடுவாங்க? கை ஈரமா இருக்கும், மோட்டார் ரூம்ல சிக்னல் இருக்காது. கண்ணு முன்னாடி எந்தப் பக்கம் இருக்கோ அதுலயே இருக்கணும் சார்"ன்னாங்க.

ஒரு வருஷம் இதே பேச்சு. நான் நாலு தலைப்புன்னு எழுதுவேன், அவங்க அஞ்சுன்னு எழுதுவாங்க. அதோட விட்டாங்களா? ஒரு குட்டி ப்ரோகிராம் எழுதி வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஓட விட்டாங்க. தினம் காலையில ஆறு பத்துக்கு அது கையேடு முழுக்கப் படிச்சுப் பாக்கும். எந்தப் பக்கத்துல 'தப்பாப் போனா' இல்லையோ, அந்தப் பக்கத்தோட நம்பரைப் போட்டு குழுவுக்கு மடல் அனுப்பிடும். அவங்க பேருலயே வரும். முன்னெல்லாம் ஒரு பக்கமோ ரெண்டு பக்கமோ இருக்கும். பெரும்பாலும் நான் எழுதினதாத்தான் இருக்கும்.

எங்க குழுவுல முடிவு எடுக்க ஒரு விதி இருக்கு. நான்தான் எழுதினேன். ஓட்டு, கை தூக்கறது அதெல்லாம் கிடையாது. முன்மொழிவு போட்டா, அதைப் பார்த்த மூணு நாளுக்குள்ள யாரும் மறுக்கலைன்னா அது முடிவு. ஒருத்தர் மறுத்தாலும் நிக்காது. உலகம் பூரா இந்த மாதிரிக் குழுக்கள் இப்படித்தான் நடத்துது. எல்லாரும் வேலை வெட்டி உள்ளவங்க, எல்லாத்துக்கும் சரி சரின்னு பதில் போட்டுக்கிட்டு இருக்க முடியாதுல்ல.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், இதே ஐப்பசி. திங்கட்கிழமை காலையில ஒம்பது மணிக்கு முன்மொழிவு போட்டேன். மூணு நாள்தான் விதி. நான் நாலு நாள் குடுத்தேன். யாரு குடுப்பா? வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துப் பாத்தேன். மங்கைகிட்டேருந்து ஒரு வார்த்தை இல்ல. ஒரு வருஷமா வரிக்கு வரி மறுத்தவங்க, ஒரு புள்ளி கூட வைக்கல. சரி, விட்டுக்குடுத்துட்டாங்கன்னு நினைச்சேன். வேற எப்படி நினைக்கறது?

வெள்ளிக்கிழமை மாத்திட்டேன். அறுபத்தோரு பக்கமும் புது ஃபார்மட்டுல. நானே உக்காந்து ஒவ்வொண்ணா மாத்தினேன். கேட்டவர் பேரெல்லாம் எடுத்தேன், 'தப்பாப் போனா' எடுத்தேன். முடிச்சுட்டு ஒரு மடல் போட்டேன். மறுப்பு ஏதும் வரலை, பெருந்தன்மையோட விட்டுக்கொடுத்த மங்கைக்கு குழு சார்பா நன்றின்னு. மரியாதைக்குத்தான் போட்டேன் சார். ஜெயிச்சவன் ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லணும்ல.

சனிக்கிழமை காலையில ஆறு பத்து. மடல் வருது. அனுப்புநர் மங்கையர்க்கரசி. 'இன்று 61 பக்கங்களில் தப்பாப் போனா இல்லை. பக்கம் 1, பக்கம் 2, பக்கம் 3...' அறுபத்தொண்ணு வரைக்கும். எனக்கு ரத்தம் கொதிச்சுது. நாலு நாள் வாயைத் திறக்காம இருந்துட்டு இப்ப மெஷினை விட்டுப் பேசறீங்களா, நேருக்கு நேரா வரத் துப்பு இல்லையான்னு பதில் போட்டேன். துப்பு இல்லையாங்கற வார்த்தையைப் போட்டேன் சார். பத்து மணிக்கு அவங்க தம்பி திருமேனி போன் பண்ணாரு. அக்கா புதன்கிழமை தவறிட்டாங்க சார், வியாழக்கிழமையே எல்லாம் முடிஞ்சுது, அக்கா போன்ல உங்க நம்பர் இருந்துச்சு, அதான் சொல்லலாம்னுன்னாரு.

எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு ஒண்ணும் சொல்லல அவங்க.

ஊருக்குப் போறேன், பத்து நாள் இருக்க மாட்டேன்னுதான் சொன்னாங்க. அதுவும் முந்தின வியாழக்கிழமை போன்ல, போற போக்குல. பத்து நாள்னா கல்யாணம் காட்சியா இருக்கும்னு விட்டுட்டேன்.

இல்ல, மதுரைக்குன்னு சொன்னாங்க. ஆபரேஷன்னு. சின்னதுதான் சார், கர்ப்பப்பையில கட்டி, எடுத்துட்டா சரியாயிடும்னு அவங்களேதான் சொன்னாங்க. "வந்ததும் உக்காந்து பேசி முடிச்சுடலாம் சார், ரெண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் இறங்கி வருவோம்"னாங்க. நான் சரி, நல்லபடியாப் போயிட்டு வாங்கன்னேன். திங்கட்கிழமை காலையில ஒம்பது மணிக்கு முன்மொழிவு போட்டேன். ஆஸ்பத்திரியில போன் வச்சுக்கிட்டு எல்லாரும்தான் பாக்கறாங்க. விதியில லீவுன்னு எதுவும் எழுதல சார்.

எதைப் பாக்கறீங்க? ஓ, கருகமணி விக்கற பொண்ணா. அறந்தாங்கியிலயே ஏறுச்சு.

அப்புறம் நிக்கல சார் அந்த மடல். தினம் காலையில ஆறு பத்து. அறுபத்தோரு பக்கம். கடைசியில 'மங்கை'ன்னு கையெழுத்து. பேய் பிசாசுல எனக்கு நம்பிக்கை கிடையாது, நான் பாடம் எடுக்கறதே மின்சாரம். ப்ரோகிராம்னு எனக்குத் தெரியும். வீட்டுல அந்த மெஷினை யாரும் அணைக்கல, அது பாட்டுக்கு ஓடுது. குழுவுல மத்தவங்க ஒரு வாரம் பாத்துட்டு அந்த மடல் வராத மாதிரி தடுத்துக்கிட்டாங்க. ஒரு பட்டன் சார், அமுக்கினா முடிஞ்சுது. நான் அமுக்கல. ஏன்னு கேக்காதீங்க. காலையில பல் தேய்க்கறதுக்கு முன்னாடி போனை எடுத்துப் பாப்பேன். இந்தப் பக்கம் மழை, கரண்டு இல்லன்னா சில நாள் வராது. வராத அன்னிக்கு எனக்குச் சோறு இறங்காது. என்ன ஆச்சோன்னு இருக்கும். மறுநாள் வந்துட்டா ஒரு நிம்மதி, உடனே ஒரு திகில். என் வீட்டுல கேட்டா, யாருகிட்டேருந்து தினம் காலையில மெயில்னு. வேலை விஷயம்னு சொல்லிட்டேன்.

ஆறாவது மாசம் ஒரு போன். அடைக்கலம்னு ஒருத்தர், பொன்னமராவதிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊருல தொட்டி பாக்கறவரு. மோட்டார் எரிஞ்சு போச்சு சார்னாரு. போன்ல நிறுத்தினேன், நிக்கல, திரும்பத் திரும்ப நிறுத்தினேன், நிக்கல, கையேட்டைப் பாத்தேன், அந்தப் பக்கத்துல ஒண்ணும் போடல, போனையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன் சார்னாரு. பதினோரு நாள் அந்த ஊருல தண்ணி இல்ல. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அறுபத்தோராம் பக்கத்துல இருக்கேன்னேன். அவரு சரிங்க சார்னு வச்சுட்டாரு. அந்த சரிங்க சார் இன்னும் காதுல கேக்குது.

நெல்லூர்க்காரங்க கையேட்டை வாங்கி மாத்திட்டாங்க. அழகா இருக்குன்னு பாராட்டி எழுதினாங்க. அதையும் உங்ககிட்டச் சொல்லிடறேன்.

ரெண்டு வருஷம் தாங்கினேன். போன வாரம் திருமேனிக்குப் போன் போட்டு, அந்தக் கம்ப்யூட்டரை நிறுத்தணும், நான் வரட்டுமான்னு கேட்டேன். வாங்க சார்னாரு. இன்னிக்கு பதினொன்றரைக்குப் போயிட்டேன். சின்ன வீடு. ஹால் மூலையில மேஜை, மேல ஒரு பழைய துண்டைப் போட்டு மூடியிருந்தாங்க. அவங்க அம்மா தரையில உக்காந்து முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க. இதை நிறுத்திடட்டுமாம்மான்னு கேட்டேன். அந்த அம்மா நிமிந்து பாத்துட்டு, "காலையில அது கிர்ருன்னு கொஞ்ச நேரம் சத்தம் போடும். மங்கை எந்திரிச்சு வேலை பாக்குற மாதிரி இருக்கும். அதைக் கேட்டுத்தான் நானும் எந்திரிப்பேன்"னாங்க. அப்புறம் குனிஞ்சு கீரையை ஆய ஆரம்பிச்சுட்டாங்க. நான் ஒரு நிமிஷம் நின்னு பாத்தேன். வேண்டாம்னு சொல்லல சார். ஒண்ணும் சொல்லல. திருமேனியும், நீங்கதானே சார் குழுவுக்குப் பெரியவர், உங்களுக்குத் தெரியாததான்னுட்டு கடைக்குப் போயிட்டாரு. சரின்னு உக்காந்தேன்.

திரையைப் போட்டா மெயில் திறந்தபடியே இருந்துச்சு. படிக்காத மடல் தடிச்ச எழுத்துல இருக்கும், உங்களுக்குத் தெரியும். படிச்சுட்டா மெலிஞ்சுடும். கீழே தேடிப் போனேன். அந்த வாரத்துக்குப் போனேன். மூணும் அங்க இருந்துச்சு. திங்கட்கிழமை முன்மொழிவு, வெள்ளிக்கிழமை நன்றி, சனிக்கிழமை துப்பு இல்லையா. மூணும் தடிச்ச எழுத்து.

எனக்கு அது புதுசு இல்ல. எதுக்கு மறைக்கணும், உங்களை இனிமே எங்க பாக்கப் போறேன். நான் எந்த மடல் போட்டாலும் ரசீது கேட்டுத்தான் போடுவேன், படிச்சா எனக்குத் தகவல் வரும். செயலாளர்னா அப்படி இருக்கணும்ல. அந்த முன்மொழிவுக்கு ஆறு ரசீது வரணும். செவ்வாய்க்கிழமையே அஞ்சு வந்துடுச்சு. ஆறாவது வரவே இல்ல. வெள்ளிக்கிழமை மாத்தறதுக்கு முன்னாடி எண்ணிப் பாத்தேன். அஞ்சுதான். அனுப்பினா பாத்த மாதிரிதானேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

இன்னிக்கு அந்த முதல் மடல் மேல கை பட்டுடுச்சு.

படல சார். தொட்டேன். வேணும்னேதான் தொட்டேன். திறந்துச்சு, மூடினேன், எழுத்து மெலிஞ்சுடுச்சு. இனிமே யாரு வந்து பாத்தாலும் மங்கை படிச்சுட்டுத்தான் ஒண்ணும் சொல்லலன்னு இருக்கும். மத்த ரெண்டையும் தொட மனசு வரல. மெஷினை அணைச்சேன். வயரைச் சுருட்டினேன். அந்த அம்மா காப்பி குடுத்தாங்க. சக்கரை போட மறந்துட்டாங்க, நானும் கேக்கல.

இருங்க, போன் அடிக்குது. அந்த வீட்டுலேருந்தே சிக்னல் இல்லாம இருந்துச்சு, இப்பத்தான் வருது போல. என் கண்ணாடி... சார், இதைக் கொஞ்சம் படிங்க. எனக்குச் சரியாத் தெரியுதான்னு பாக்கறேன். மேல இருக்கே, அது.

'உங்கள் மடல் படிக்கப்பட்டது. பெறுநர்: மங்கையர்க்கரசி. செவ்வாய்க்கிழமை, 11.52.'

இன்னிக்குச் செவ்வாய்தானே?

தெரியும் சார், தெரியும். நான்தான் திறந்தேன். அவங்க ரசீது தானாப் போற மாதிரி வச்சிருப்பாங்க, அது போயிருக்கு, இத்தனை நேரம் கழிச்சு என் போன்ல விழுது. எல்லாத்துக்கும் காரணம் இருக்கு, நான் பாடம் எடுக்கறவன். ஆனா எனக்குப் பயமா இருக்கு சார். ஆறாவது ரசீது வந்துடுச்சு.

பார்த்த மூணு நாளுக்குள்ள. நான் எழுதின விதி. இன்னிக்குச் செவ்வாய்னா, புதன், வியாழன், வெள்ளி. வெள்ளிக்கிழமை வரைக்கும் அவங்களுக்கு நேரம் இருக்கு. நியாயமான நேரம், நான் அன்னிக்குக் குடுக்காத நேரம். நான் என்ன பண்ணிட்டு வந்திருக்கேன்? வயரைச் சுருட்டி மேஜை மேல வச்சுட்டு வந்திருக்கேன். மறுபடியும் வெள்ளிக்கிழமை வரைக்கும் சத்தம் வராது. மறுபடியும் நான் ஜெயிச்சிடுவேன்.

அந்த ஆறு பத்து மடலை ப்ரோகிராம்னு சொன்னேன்ல. ரெண்டு வருஷமா தினம் காலையில அது என்ன சொல்லிச்சு? இல்ல, இல்ல, இல்லன்னு பக்கம் பக்கமா சொல்லிச்சு. அதுக்குப் பேரு மறுப்பு இல்லாம வேற என்ன சார்? ஒரு மறுப்பு வந்தா முடிவு நிக்காது. எழுநூறு வந்திருக்கு. அதை வாசல்லயே நிறுத்திடலாம்னு ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன் பாருங்க, வெக்கங்கெட்டவன்.

கண்டக்டர்! அடுத்த விலக்குல நிறுத்துங்க. ஆமா, டிக்கெட் புதுக்கோட்டை வரைக்கும்தான் எடுத்தேன், பரவாயில்ல, நிறுத்துங்க. அறந்தாங்கிக்குத் திரும்பிப் போற வண்டி நிக்கும்ல இங்க?

கொஞ்சம் காலை எடுத்துக்கங்க சார். மழை கிடக்கட்டும், குடை இருக்கு. பதினாலாம் பக்கத்தை இன்னிக்கே போட்டுடலாம், எனக்குத்தான் மனப்பாடம் ஆச்சே. மத்த அறுபதையும் ஒவ்வொண்ணாப் போடணும். ஆனா அதுக்கு முன்னாடி அந்த வயரை மாட்டணும். அந்த அம்மா வேண்டாம்னு சொல்லலன்னு சொன்னேன்ல உங்ககிட்ட? சொன்னாங்க சார். என் காதுபடத்தான் சொன்னாங்க.

வரட்டுமா. காலையில ஆறு பத்துக்கு அவங்க எந்திரிக்கணும்.